ருஷ்ய நாடகக் காட்சிகளும் நம் இளம் நடிகர்களும்

(சூரியநெல்லியில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் எமக்குக் குறித்துக் கொடுத்த பொருள், ருஷ்ய நாடகக் காட்சிகளை ஒரு நடிகன் பயிலும் முறை என்பது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்து, இருப்புப்பாதையில் பயணச் சீட்டும் சரக்குச் சீட்டும் எழுதிக் காலம் கழிக்கும் எமக்கு இப்பொருளில் என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். அது புலமையால் வந்த உரிமை அன்று. மூன்று ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் இதே கூடத்தில், தேயிலைக் காட்டிலும் ஏலக்காட்டிலும் உழைத்துவிட்டு வரும் எட்டுப் பேருடன் அமர்ந்து பயின்றதால் வந்த உரிமை. அந்தப் பயிற்சியில் நாங்கள் கண்டதைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்: எழுதிக் கொடுத்த சொல்லை நடிப்பது எளிது, பாத்திரம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டதை நடிப்பதே நடிப்பு. இதை விளக்கவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

அன்பர்களே! "நம்மிடம் நாடகம் இல்லையா? ருஷ்ய நாட்டுக்கு ஏன் போக வேண்டும்?" என்று நம் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் நாடகம் உண்டு. பெருமைப்படத்தக்க மரபும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து ஒரு சபை தொடங்கினார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தாம். குரலும் தாளமும் மனப்பாடமும் அங்கே கிடைத்ததுபோல் வேறெங்கும் கிடைத்திரா. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் மேடை ஏறலாம் என்று காட்டினார். தெருக்கூத்தின் வலிமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் இம்மரபுகளில் பாத்திரம் தன் உள்ளத்தைப் பாட்டாகவோ வசனமாகவோ வெளிப்படையாகச் சொல்லிவிடும். அரசன் கோபம் கொண்டால் கோபம் கொண்டேன் என்பான். இது குறையன்று, ஒரு வகை. மற்றொரு வகை, மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பது. நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பது அதுவே. அந்த வகைக்கு ருஷ்ய நாடகம் சிறந்த பள்ளிக்கூடம்.

மேலும், ருஷ்யருக்கும் நம் மேடைக்கும் உறவு புதிதன்று. கெராசிம் லெபெதேவ் என்னும் ருஷ்ய இசைக்கலைஞர் 1785-இல் சென்னைக்கு வந்து, இரண்டாண்டு தங்கித் தமிழ் கற்றார். பின்பு கல்கத்தா சென்று, 1795 நவம்பர் 27-ஆம் நாள் வங்காள மொழியில், வங்காள நடிகர் நடிகையரைக் கொண்டே நாடகம் அரங்கேற்றினார். வங்க மேடையின் வரலாறு அவர் பெயரைச் சொல்லியே தொடங்குகிறது. நாடக ஆசிரியர் செகாவ் 1890 நவம்பரில், சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, கண்டிக்கு இரயில் ஏறினார். அக்காலத்தில் அத்தீவின் மலைகளில் தேயிலை பயிரிட்டுக்கொண்டிருந்தவர்கள் நம்மவர்கள். அவர் ஊருக்குக் கொண்டுபோன பொருள்களில் ஒன்று கீரிப்பிள்ளை என்றால், நம் குழந்தைகள் சிரிக்கிறார்கள், உண்மைதான்.

நூல்களும் நமக்குத் தூரமில்லை. சோவியத் நாடு 1991-இல் கலையும் முன்பு, மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான ருஷ்ய நூல்கள் மிக மலிவாக நம் ஊர்களில் விற்றன. அவற்றுள் சில இன்னும் நம் சங்க நூலகத்தில் உள்ளன. நாடகங்களுக்கு ஆங்கிலப் பதிப்பையும் மலையாளப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் பிள்ளைகள் பேசும் தமிழில் நாங்களே எழுதிக்கொண்டோம். மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பொருள் சொல்ல, மூத்தோர் தமிழ்ச் சொல் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறைகள் ஒரு மேசையில் அமர்ந்து தமிழ் பேசியதே எமக்கு முதல் ஊதியம்.

இனி, பயிற்சிக்கு வருவோம். முதலில் நாங்கள் எடுத்தது நிக்கொலாய் கோகோல் எழுதிய 'அரசாங்க ஆய்வாளர்'. 1836-இல் பீட்டர்ஸ்பர்க்கில் முதலில் மேடையேறிய நகைச்சுவை நாடகம். சிற்றூர் ஒன்றின் நகரத் தலைவர், தலைநகரிலிருந்து மறைவாக ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தியை அதிகாரிகளிடம் சொல்வது முதற்காட்சி. மருத்துவமனை நோயாளிகளுக்குத் தூய தொப்பி மாட்டச் சொல்கிறார். நீதிமன்றக் காத்திருப்பு அறையில் காவலாளிகள் வாத்து வளர்க்கிறார்கள். அது கண்ணில் படாதிருக்கட்டும் என்கிறார். பிறர் கடிதங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா என்று அஞ்சல் அதிகாரியைக் கேட்கிறார். அவரோ அதை ஆவல் காரணமாக முன்பே செய்துகொண்டிருப்பவர். இருப்புப்பாதையில் வேலை பார்ப்பவர் எவருக்கும் இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. மேலதிகாரி வருகிறார் என்றால் நிலையத்துத் தூண்களுக்குச் சுண்ணாம்பு ஏறும். ஆண்டு முழுவதும் காணாத தீயணைப்பு வாளிகளில் மணல் நிறையும். தோட்டத்தில் மேலதிகாரி வரும் நாளும் அப்படித்தான் என்று நம் தம்பிகள் சொன்னார்கள்.

இக்காட்சியில் தொடக்கத்தில் எல்லோரும் சிரிப்பு மூட்டவே முயன்றார்கள். கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள்: "இந்த ஆய்வாளர் வந்தால் நான் எதை இழப்பேன்?" நகரத் தலைவருக்குப் பதவி, நீதிபதிக்குச் சொகுசு, மருத்துவமனை அதிகாரிக்கு வருவாய். அச்சத்தை உண்மையாகக் கொண்டவுடன் சிரிப்பு தானாக வந்தது. நகைச்சுவையின் அடியில் இருப்பது அச்சம் என்பதைக் கோகோல் எமக்குக் கற்பித்தார். நம் தொல்காப்பியம் நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணியது. ஒன்றின் அடியில் மற்றொன்று ஒளிந்திருப்பதைக் காண்பதும் நடிகன் கடமை.

இந்நாடகம் மாஸ்கோவில் நடந்தபோது நகரத் தலைவராக நடித்தவர் ஷ்செப்கின். அவர் 1788-இல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பிரபுவின் உடைமையாக இருந்துகொண்டே நடிகரானவர். அவருடைய விடுதலைக்காக மக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அவருடைய இயல்பான நடிப்பே பிற்காலத்தவர்க்கு வழிகாட்டி ஆயிற்று. கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு நடிப்புக் கலை எட்டாது என்று எவரேனும் சொன்னால், அவரிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அவ்வழியில் வந்தவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. 1898-இல் நெமிரோவிச் தான்செங்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினார். 1896-இல் பீட்டர்ஸ்பர்க்கில் தோல்வியுற்ற செகாவின் 'கடற்பறவை' நாடகம், 1898-இல் இவ்வரங்கில் வெற்றி பெற்றது. அந்தப் பறவையே அரங்கின் சின்னமாயிற்று. பாத்திரத்தின் சூழ்நிலை முழுவதையும் அறிந்துகொள். அச்சூழ்நிலையில் நான் இருந்தால் என் செய்வேன் என்று கேள். இந்தக் கணத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடி. இவை அவர் நடிகர்களுக்கு வகுத்த நெறிகளில் முதன்மையானவை. கற்றவர் கல்லாதவர் இருவரும் பின்பற்றக்கூடிய நெறிகள் இவை.

இப்போது எமது பயிற்சியின் நடுநாயகமான காட்சிக்கு வருகிறோம். அது செகாவ் எழுதிய கடைசி நாடகமான 'செர்ரித் தோட்டம்'. 1904 ஜனவரியில் மாஸ்கோவில் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலையில் ஆசிரியர் மறைந்தார். கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்தின் பண்ணையும் பழத்தோட்டமும் ஆகஸ்டு 22-ஆம் நாள் ஏலத்துக்கு வருகின்றன. அதை ஏலத்தில் எடுப்பவன் லோபாகின். அவன் தந்தையும் பாட்டனும் அதே பண்ணையில் அடிமைகள், சமையலறைக்குள்ளும் அனுமதிக்கப்படாதவர்கள்.

இருப்புப்பாதைக்காரருக்கு இந்நாடகத்தில் தனியாக ஒரு செய்தி உண்டு. முதல் அங்கம் தொடங்கும்போதே இரயில் இரண்டு மணி நேரம் தாமதம். மூன்றாம் அங்கத்தில் ஏலச் செய்தி தாமதமாக வருவதற்குக் காரணம், போனவர்கள் இரயிலைத் தவறவிட்டதுதான். நான்காம் அங்கம் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து, இரயிலுக்கு எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டே நடக்கிறது. இவை வெறும் அலங்காரமல்ல. பக்கத்தில் இரயில் வந்துவிட்டதால்தான், தோட்டத்தைத் துண்டு துண்டாக்கிக் கோடை இல்லங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்ற திட்டம் லோபாகினுக்குத் தோன்றுகிறது. பாதை வந்தது, நிலத்தின் விலை ஏறியது, மரம் விழுந்தது. நம் மலைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1908 முதல் ஓடிய சிறிய இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. அதன்பின் சாலைகள் வந்தன. கொழுக்குமலைக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. சின்னக்கானல் சரிவுகளில் விடுதிகள் எழுகின்றன. போடிநாயக்கனூரில் 2010-இல் நின்ற இரயில் 2023-இல் அகலப் பாதையில் மீண்டும் வந்தது. வரட்டும், நன்று. வந்த பாதை யாருக்கு என்ன செய்தது என்று கேட்கும் நாடகமும் வரட்டும் என்பதே எமது வேண்டுகோள்.

நாங்கள் பயின்ற காட்சி நான்காம் அங்கத்தில் உள்ளது. லோபாகினும், அக்குடும்பத்தின் வளர்ப்பு மகளான வார்யாவும் திருமணம் செய்துகொள்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். புறப்படும் நேரத்தில் இருவரையும் தனியே விடுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். என்ன நடக்கிறது? அவள் பெட்டிகளின் நடுவே எதையோ தேடுகிறாள். எங்கே போகப் போகிறாய் என்று அவன் கேட்கிறான். எழுபது வெர்ஸ்டு, அதாவது ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், வேறொரு வீட்டில் வீட்டுப் பொறுப்பு வேலைக்குப் போவதாகச் சொல்கிறாள். அவன் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசுகிறான். உறைநிலைக்குக் கீழே மூன்று பாகை என்கிறான். வெப்பமானி உடைந்துபோயிற்று என்கிறாள் அவள். வெளியிலிருந்து யாரோ அவனை அழைக்கிறார்கள். அந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன்போல் போய்விடுகிறான். அவள் தரையில் அமர்ந்து, துணிமூட்டையில் தலைவைத்து அழுகிறாள். காட்சி முடிந்தது.

காதல் என்ற சொல்லும் இல்லை. கல்யாணம் என்ற சொல்லும் இல்லை. முதல் ஒத்திகையில் நம் தம்பி, "இதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது அண்ணா? குளிரைப் பற்றித்தானே பேசுகிறார்கள்!" என்றான். அதுவே பாடத்தின் தொடக்கம்.

நாங்கள் செய்தது இது. முதலில் நாடகம் முழுவதையும் மேசையில் வைத்து மும்முறை வாசித்தோம். தம் பகுதியை மட்டும் படிக்க எவரையும் விடவில்லை. இரண்டாவதாக, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், அந்த வேளையில் பாத்திரம் சொல்ல விரும்பிச் சொல்லாததை எழுதச் சொன்னோம். எங்கே போகிறாய் என்ற கேள்வியின் பக்கத்தில், "போகாதே என்று சொல்ல எனக்குத் துணிவு வருமா?" என்று எழுதினான் தம்பி. வெப்பமானி உடைந்தது என்ற விடையின் பக்கத்தில் தங்கை எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டோம். "இனி இவர் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அப்புறம் உள்ளே சொல் இல்லை" என்றாள். ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண் சொன்ன விளக்கம் அது. அதைவிடச் சிறந்த விளக்கத்தை நாங்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை.

மூன்றாவதாக, கைக்கு வேலை கொடுத்தோம். வார்யா எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தால் போலியாகத் தெரிகிறது. எனவே உண்மையாகவே மூட்டை கட்டச் செய்தோம். மூட்டை கட்டும் முறையைக் கற்பிக்க, பணி ஓய்வு பெற்ற ஒரு பாட்டியம்மாவை அழைத்து வந்தோம். லயத்தைக் காலி செய்தபோது முதலில் எதை எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டோம். "முதலில் எதையும் எடுத்து வைக்கவில்லையப்பா. வீட்டைப் பெருக்கினேன்" என்றார்கள். நாற்பதாண்டு வாழ்ந்து, சாவியை ஒப்படைக்கப் போகும் வீட்டை, போகும் நாளிலும் பெருக்கியிருக்கிறார்கள். மறுவாரம் தங்கை வார்யாவாக நடித்தபோது, பெட்டிகளைத் தொடுமுன் தரையில் கிடந்த கயிற்றுத் துண்டுகளைக் குனிந்து பொறுக்கினாள். கூடத்திலிருந்த தாய்மார்கள் பலர் முகத்தை மூடிக்கொண்டார்கள். வசனம் ஒன்றும் மாறவில்லை.

இங்கேதான் இந்நாடகம் நமக்கு உரியதாகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை முதலாளிமேல் வைத்தது. பெரும் உதவி; மறுக்கவில்லை. ஆனால் வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். கங்காணியோடு மலையேறிய கொள்ளுப்பாட்டன் முதல் நான்கு தலைமுறை உழைத்த குடும்பமும், ஓய்வு நாளில் எங்கே போவது என்று கேட்கிறது. கீழே பாண்டி நாட்டு ஊரில் வேர் அறுந்துவிட்டது. மேலே மண் நமதாகவில்லை. செர்ரித் தோட்டத்தைப் பார்க்கும் செல்வர்கள், தோட்டத்தை இழந்த சீமாட்டிக்காகக் கண்ணீர் விடுவார்கள். நம் காலனி வேறொருவரைப் பார்த்தது. அவர் ஃபீர்ஸ் என்னும் கிழவர்.

ஃபீர்ஸுக்கு வயது 87. அக்குடும்பத்துக்கே உழைத்துத் தேய்ந்தவர். அவரை மருத்துவமனைக்கு அனுப்பியாகிவிட்டது என்று ஒருவர் சொல்ல மற்றவர் நம்ப, எவரும் போய்ப் பார்க்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் இரயிலுக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே ஃபீர்ஸ் இருக்கிறார்! பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்தபின்பும், எசமானர் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனாரோ என்றுதான் கவலைப்படுகிறார். பிறகு படுத்துக்கொள்கிறார். தொலைவில் மரம் வெட்டும் ஓசை கேட்கிறது. இப்பாத்திரத்தை ஏற்ற பெரியவர் முதலில் அழுதுகொண்டே நடித்தார். ஃபீர்ஸ் தமக்காக அழவில்லையே என்று நினைவூட்டினோம். அவருக்கு வேண்டியது எசமானருக்குக் குளிரக்கூடாது என்பது ஒன்றுதான். அழுகையை நிறுத்தி அந்தக் கவலையை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்று அழுதவர்கள் பார்த்தவர்களே.

லோபாகினைப் பற்றி எமக்குள் பெரிய வழக்கே நடந்தது. "அடிமையின் பேரன் நிலம் வாங்கினால் அதில் என்ன பிழை?" என்றார்கள் இளைஞர்கள். "வாங்கட்டும்; பழைய குடும்பம் வாசலை விட்டு இறங்குமுன் கோடாலியை எடுக்க வேண்டுமா?" என்றார்கள் பெரியவர்கள். இரண்டும் நியாயமே. செகாவ் தம் கடிதங்களில், லோபாகின் பண்பானவன், அவனைக் கூச்சலிடும் முரடனாக்கக்கூடாது என்று வற்புறுத்தினார். அவ்வேடத்தை ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே ஏற்க வேண்டும் என்றும் விரும்பினார். ஆனால் அவர் வேறு வேடத்தைத் தேர்ந்துகொண்டார். எதிரி என்று ஒருவனை முடிவுகட்டிக்கொண்டு நடிக்கலாகாது என்பது இதிலிருந்து நாங்கள் பெற்ற பாடம். யாருடைய வேடத்தை ஏற்கிறோமோ அவருடைய நியாயத்தை முழுமையாக ஏற்க வேண்டும். இப்பழக்கம் மேடைக்கு வெளியிலும் நமக்குப் பயன்படும்.

மற்றொரு செய்தியும் நடிகர்கள் மறக்கலாகாது. செகாவ் இதை நகைச்சுவை நாடகம் என்றே குறித்தார். மாஸ்கோ அரங்கோ இதைச் சோகமாக்கிற்று. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாத கடைசி அங்கத்தை நாற்பது நிமிடம் இழுக்கிறார்கள் என்று அவர் மனம் நொந்து எழுதினார். இரயிலுக்கு நேரமாகிறது, யாருக்கும் அழ நேரமில்லை. அந்த அவசரமே துயரம். நம் நடிகர்கள் துயரக் காட்சி என்றவுடன் நடையையும் குரலையும் இழுப்பதைப் பார்க்கிறோம். இழுக்காதீர்கள், இரயில் காத்திருக்காது!

இம்முயற்சியில் நாம் தனியாகவும் இல்லை. கோகோலின் நாடகத்தைத் தழுவி 1950-இல் 'அப்சர்' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. செர்ரித் தோட்டத்தை வங்கத்தின் நாந்திகர் குழு 1964-இல் தம் மண்ணின் கதையாக்கி மேடையேற்றியது. 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் நடிகர்கள் 1983-இல் அதை இந்தியில் நடித்தார்கள். ரிச்சர்டு ஷெக்னர் என்னும் அமெரிக்கர் இயக்கினார். 1977-இல் சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை தோன்றியது. அதே ஆண்டு திருச்சூரில் ஜி. சங்கரப் பிள்ளையின் தலைமையில் நாடகப் பள்ளி தோன்றியது. நடிப்பு பயின்று பெற வேண்டிய தொழில் என்பதை இரண்டும் நிலைநாட்டின. திருச்சூர் நமக்கு எட்டாத தூரமன்று. நம் காலனிப் பிள்ளை ஒருவர் அங்கே சேர்ந்து படிக்கும் நாள் வரவேண்டும்.

எமது உரையை முடிக்குமுன் மூன்று வேண்டுகோள்களைச் சங்கத்தின்முன் வைக்கின்றோம். ஒன்று: ஆண்டுதோறும் விழாவுக்கு மூன்று வாரம் முன்பு அவசரமாக முழு நாடகம் தேடுவதை விட்டு, ஒரே ஒரு காட்சியை ஆண்டு முழுவதும் பயில்வோம். இரண்டு: வாரத்தில் இரண்டு மாலை இக்கூடத்தை நாடகக் குழுவுக்கு ஒதுக்குங்கள், விளக்கும் ஒரு மேசையும் போதும், திரைச்சீலை பிறகு வரட்டும். மூன்று, இது தாய்தந்தையர்க்கு: பெண்மக்களை ஒத்திகைக்கு அனுப்புங்கள். ஆண்கள் பெண்வேடம் புனைந்த காலத்துக்கு அதற்குரிய பெருமை உண்டு. ஆயினும் வார்யாவின் மௌனத்தை எமக்குப் புரியவைத்தவள் நம் காலனிப் பெண்தான். ஒத்திகை முடிந்ததும் அவர்களை வீட்டு வாசல்வரை கொண்டு வந்து விடுவது எமது பொறுப்பு.

நம் குடும்பங்களில் சொல்லப்படாமல் கிடப்பவை ஏராளம். மனுவில் எழுத முடியாதவை, கூட்டத்தில் பேச முடியாதவை, பிள்ளைகளிடமும் சொல்ல மனம் வராதவை. அவற்றைக் கூச்சலின்றி, பொய்யின்றி, பிறர் கண்முன் நிறுத்தவல்ல கலை நாடகம். அதைக் கற்கும் முறையை ருஷ்ய நாட்டுப் பெரியோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். கற்போம்; பிறகு நம் பாட்டியம்மாவின் கதையை நாமே தமிழில் எழுதி, இதே மேடையில் நடிப்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!